எல்லை என்பது கேட்பவர் சுவர்

சட்டத்தை எவரும் முதற்பக்கத்திலிருந்து படிப்பதில்லை. தமக்கு வேண்டிய தண்டப் பிரிவையோ விலக்குப் பிரிவையோ நேரே தேடிச் செல்வர். முதற்பக்கத்தில் நிற்கும் சொற்பொருள் விளக்கங்களை, திருமண வீட்டு வாயிலில் வைத்த சந்தனக் கிண்ணத்தைப் போல் ஒரு விரலால் தொட்டுவிட்டு உள்ளே போய்விடுவர். வழக்கு என்று ஒன்று வரும்போதுதான் இரு தரப்பாரும் வாயிலுக்குத் திரும்பி வந்து அக்கிண்ணத்துக்காக மல்லுக்கு நிற்பர். பேரூராட்சிப் பணியில் என் காலத்தின் நல்ல பகுதி அந்த வாயிலிலேயே கழிந்தது.

சென்ற திங்கள் அண்டைப் பேரூராட்சியிலிருந்து அலுவலர் இருவர் பள்ளத்தூர்ப் பேருந்தில் வந்திறங்கி என் வீட்டைக் கண்டுபிடித்தனர். தம் ஊருக்கு ஒலிக் கட்டுப்பாட்டுத் துணைவிதிகள் வகுக்கும் பொறுப்பு அவர்களுடையது. கையிலிருந்த வரைவு, ஆங்கில மாதிரியொன்றைக் கணினியிடம் கொடுத்துப் பெற்ற தமிழாக்கம். பிழையென்று சுட்டப் பெரிதாக எதுவும் இல்லை. ஆயினும், எந்த ஊருக்கும் பொருந்துவதால் எந்த ஊரையும் தொடாத வரைவு அது.

"ஐயா, உங்க ஊர் விதியில 'எல்லை'ன்னு ஒரு விளக்கம் இருக்கே, அதை அப்படியே எடுத்துக்கிறோம். மன்றத்துல எந்திரிச்சு 'இது ஏன் இப்படி'ன்னு கேட்டாகன்னா என்ன சொல்லட்டும்?" என்றார் அவர்களுள் மூத்தவர்.

அதற்குரிய விடை ஒரு வரியில் அடங்காது. ஒரு பெண்குழந்தை பேச்சைக் கேட்டுணரக் கற்குமா, கல்லாதா என்பது ஒருகாலத்தில் அந்த ஒற்றை விளக்கத்தைப் பற்றிக்கொண்டு நின்றது. எழுதித் தருகிறேன் என்று சொல்லி அனுப்பினேன்.

என் தொடக்கக் காலத்தை நீட்டவேண்டியதில்லை. தமிழில் முதுகலை முடித்தேன். ஆசிரியப் பணி வாய்க்கவில்லை. இளநிலை உதவியாளனாகப் பேரூராட்சிக்குள் நுழைந்தேன். பிறப்புச் சான்று, சொத்துவரி, குடிநீர் இணைப்பு என்று பிரிவு பிரிவாகச் சுற்றித் தலைமை எழுத்தர் நாற்காலியை அடைந்தேன். படித்த தமிழை அலுவலகத்தில் மறந்துவிடவேண்டும் என்று மூத்தோர் அறிவுரை கூறினர். மறக்கவில்லை. அதனால் வரைவு என்று எது வந்தாலும் என் மேசைக்கே தள்ளப்பட்டது.

அக்காலத்தில் எங்களுக்குச் செயல் அலுவலராக இருந்தவர் ஞானசேகரன். மதுரைப் பக்கத்தவர், பருத்த உடல், மெல்லிய குரல். வரைவை அவர் மேசைமேல் வைத்தால் படிக்கமாட்டார். தம் சுழல்நாற்காலியில் என்னை அமரச் சொல்லிவிட்டு, எழுந்து மேசையைச் சுற்றி வந்து, மனுக் கொடுக்க வருவோர் அமரும் மரப்பலகையில் தாம் அமர்ந்துகொள்வார். அவ்விடம் சேர்ந்ததும் அவர் அலுவலர் அல்லர். விதியை மீறுவதற்கென்றே புறப்பட்டு வந்த ஊரார்.

ஒலி விதிகளில் நான் முதலில் எழுதிய விளக்கத்துக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன்.

"நான் இப்ப மைக்செட் கடைக்காரன். வாசிங்க" என்றார்.

"ஒலிபெருக்கி என்பது, ஒலியைப் பெருக்கித் தொலைவுக்குச் செலுத்தும் கூம்பு வடிவக் கருவி" என்று வாசித்தேன்.

"என்கிட்டக் கூம்பே இல்லையே. எல்லாம் பெட்டி. டி.ஜே. பாக்ஸ். அப்ப நான் போயிட்டு வரட்டுங்களா?"

விளையாட்டாகச் சொல்லவில்லை. எழுந்து கதவு வரை போய்விட்டார். தம்மைத் தடுத்து நிறுத்தும் சொல் கிடைக்கும் வரை அவர் திரும்பமாட்டார் என்பது எனக்குத் தெரியும். "கூம்பாயினும் பெட்டியாயினும், எப்பெயரால் வழங்கப்படினும்" என்று அவசரமாகச் சேர்த்துப் படித்தேன்.

"ம். புடிச்சுப்புட்டீக" என்று திரும்பி வந்து அமர்ந்தார்.

மன்றத்தில் வேறு வகையான இடி விழுந்தது. விதிகளின் உயிர்ச்சொல்லாக 'இரைச்சல்' என்பதை வைத்திருந்தேன். நல்ல தமிழ்ச்சொல், எவருக்கும் விளங்கும் என்பது என் எண்ணம். வாசித்து முடிப்பதற்குள் உறுப்பினர் கருப்பையா எழுந்துவிட்டார். வேளாண்குடியினர், நா வன்மை மிக்கவர்.

"ஏன்யா தலைமை எழுத்தரே, எங்க கோயில் கொட்டு இரைச்சல். கேத வீட்டு மேளம் இரைச்சல். இந்தா, தலைவரம்மா வீட்டு மிக்சி மட்டும் சங்கீதமா?"

மன்றமே சிரித்தது. "மிக்சி உங்க வீட்டுலயும் ஓடுதுண்ணே. நீங்க அரைக்கிறதில்ல, அதான் தெரியல" என்று தலைவர் அம்மையார் திருப்பிக் கொடுத்தார். சிரிப்பு அடங்கிய பிறகும் கேள்வி அங்கேயே நின்றது. வரைவு திருப்பியனுப்பப்பட்டது.

அறைக்கு வந்ததும் ஞானசேகரன் சொன்னதை இன்றுவரை நான் போற்றி வருகிறேன். "இரைச்சல்ங்கிறது தீர்ப்பு. நமக்கு வேணுங்கிறது அளவு. விளக்கத்துக்குள்ள தீர்ப்பைக் கொண்டாந்து வைக்காதீக."

'இரைச்சல்' என்னும் சொல்லை விதிகளிலிருந்து முற்றாக நீக்கினேன். மாற்றாக அமைந்தது 'பெருக்கொலி'. மின்விசையால் இயல்பளவினும் மேம்படப் பெருக்கப்படும் எவ்வொலியும், அது வாழ்த்தாயினும் வசையாயினும், பெருக்கொலியே என்று வரையறுத்தேன். வாயாலும் கையாலும் எழுப்பும் ஒலிகள் தாமாகவே விலகிக்கொண்டன. கோயில் மேளமும் துக்க வீட்டுச் சங்கும் எவர் தயவுமின்றி வெளியே நின்றன.

அடுத்த கூட்டத்தில் கருப்பையா இருமுறை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். "வசையும் உண்டா? அப்ப எலெக்சன் நேரத்துல நான்தான்யா மொத ஆளா மாட்டுவேன்" என்று சொல்லிக் கையை உயர்த்தி ஒப்புதல் தந்தார்.

மன்றம் ஏற்ற வரைவை அறிவிப்புப் பலகையில் ஒட்டி, மறுப்போ கருத்தோ உடையவர்கள் தெரிவிக்கலாம் என்று முறைப்படி காலம் கொடுத்தோம். எவரும் வரமாட்டார் என்பதே அலுவலக அனுபவம். செல்வி வந்தார்.

காரைக்குடியில் ஒரு துணிக்கடையில் விற்பனைப் பணி செய்பவர் அவர். கணவர் வெளிநாட்டில் ஓட்டுநர். உடன் வந்த மகள் ஹரிணிக்கு நான்கு வயதிருக்கும். குழந்தையின் காதுக்குப் பின்னால் ஒரு சிறு கருவியும், தலைமுடிக்குள் காசளவு வில்லையொன்றும் இருந்தன.

"பிள்ளைக்குப் பொறந்ததுல இருந்தே காது கேக்காதுங்கய்யா. ஆப்பரேசன் பண்ணி மிசின் வச்சிருக்கு. மிசின் வச்சா மட்டும் பத்தாதாம். எது எதோட சத்தம், எந்தச் சொல்லு எதுக்குன்னு நாமதான் ஒண்ணொண்ணாச் சொல்லிப் பழக்கணும். வாயைக் காட்டாம, முதுகுப் பக்கம் இருந்து சொல்லணும். அந்த நேரம் வீடு அமைதியா இருக்கணும்னு டீச்சர் சொல்லியிருக்காக. இந்த வயசுல புடிச்சாத்தான் உண்டாம். விட்டா மிசின் இருந்தும் வீணுங்கிறாக."

"சரிம்மா. இதுக்கும் எங்க விதிக்கும்…" என்று தொடங்கினேன்.

"நான் சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கவும், அவுக பாட்டைப் போடவும் சரியா இருக்குங்கய்யா. எங்க வீட்டுச் செவுருக்கும் அவுக அடுப்படிச் செவுருக்கும் நடுவுல சந்து மாதிரி ஒரு தெருதான். முகூர்த்த நாள் வந்துட்டா தொடர்ந்து பாட்டுத்தான். அவுக ஓயட்டும்னு காத்திருந்தா, அதுக்குள்ள பிள்ளை தூங்கிருது. போன தடவை எழுதிக் குடுத்தேன். ஆளு வந்து அளந்தாக. சத்தமே இல்லைன்னு சொல்லிட்டுப் போயிட்டாக. இது எங்க மாமனார் வீடு. வாடகை குடுத்து வேற எங்குட்டும் போக எனக்கு வக்கில்ல."

'அவுக' என்று அவர் குறித்தது வள்ளியப்பனை. தம் முன்னோர் பெருவீட்டைச் செப்பனிட்டு விடுதியாக்கியவர். பாழடைந்து கிடந்த வீட்டுக்கு விளக்கேற்றியவர் என்று ஊரில் நல்ல பெயர் உடையவர். வெளியூர்ச் செல்வர்கள் அங்கே வந்து திருமண வரவேற்பு நடத்துவது வழக்கமாகியிருந்தது.

ஞானசேகரன் துப்புரவு ஆய்வாளர் பாண்டியனை அழைத்தார். ஒலியளவைக் கருவி அவர் பொறுப்பில் இருந்தது.

"எங்க நின்னு அளந்தீக?"

"வாசல்ல சார்."

"எந்த வாசல்?"

பாண்டியன் விழித்தார். "வாசல்னா வாசல்தான் சார். மேலத் தெருவுல."

எங்கள் பக்கத்து வீடுகளை அறியாதவர்க்கு ஒரு சொல். ஒரு தெருவில் முகப்பு வைத்துத் தொடங்கும் வீடு, கட்டுக்கட்டாகப் பின்னோக்கி நீண்டு, அடுத்த தெருவில்தான் முடியும். கதவெண் முகப்பில். வரி முகப்பின் பெயரில். அழைப்பிதழ் வருவதும் முகப்புக்கே. மறுகோடியில் அடுப்படியும் விறகுக் கட்டும் சரக்கு இறக்கும் கதவும் இருக்கும். அதை ஊரார் வாசல் என்று எண்ணுவதே இல்லை. வெளியூரிலிருந்து ஒருவரைக் கருவியோடு அனுப்பியிருந்தால் அவர் வீட்டைச் சுற்றி வந்திருப்பார். பாண்டியன் உள்ளூரில் பிறந்து வளர்ந்தவர். அவருக்கு அந்த வீடு மேலத் தெரு வீடு. அவ்வளவே. எங்கள் ஊர்க்காரர் அன்றி வேறெவரும் செய்ய இயலாத பிழை அது.

செல்வியின் கருத்தைப் பதிந்த செய்தி எட்டியதும் வள்ளியப்பன் வழக்கறிஞர் ஒருவருடன் வந்தார். வழக்கறிஞரின் வாதம் இரண்டு கால்களில் நின்றது. மூடிய மண்டபங்களுக்கு நடுவணரசின் விதியிலேயே சலுகை உண்டு. வளவு என்னும் நடுமுற்றம் நாற்புறமும் சுவர் சூழ்ந்தது, ஆகவே மூடிய இடம். இது முதற்கால். மனையின் எல்லையில் அளக்கவேண்டும் என்பது விதி. எல்லை என்பது கதவெண் உள்ள வாயில். அங்கே அளந்து குற்றமில்லை என்று உங்கள் ஆய்வாளரே எழுதியிருக்கிறார். இது இரண்டாங்கால். எங்கள் வரைவில் 'மூடிய இடம்', 'எல்லை' என்னும் இரு சொற்களுக்கும் விளக்கமே இல்லை. எல்லார்க்கும் தெரிந்த சொற்களுக்கு விளக்கம் எதற்கு என்று விட்டிருந்தோம்.

"தெரு அமைதி எனக்கும் வேணும் சார்" என்றார் வள்ளியப்பன், வழக்கறிஞரை முந்திக்கொண்டு. "அந்த வீட்டை நம்பி எத்தனை குடும்பம் சாப்பிடுதுன்னு பாத்தீகன்னா, நீங்களே பாட்டுப் போடச் சொல்லுவீக."

அவர்கள் சென்றபின் விளக்கமொன்று எழுதினேன். ஞானசேகரன் பலகைக்கு இடம் மாறினார். "நான் வள்ளியப்பன். வாசிங்க."

"மூடிய இடம் என்பது, உள்ளே நிற்பவர்க்கு வானம் தெரியாத இடம்" என்றேன். அழகாக அமைந்துவிட்டதாக எனக்குள் ஒரு நிறைவு.

"மேல படுதா கட்டிப்புட்டேன். வானம் தெரியல. பாட்டைப் போடலாமா?"

"துணியும் கீற்றும் கூரை ஆகா."

"தகரம் போட்டேன்."

எழுதியதை அடித்தேன். அவர் எழுந்து கதவுக்குப் போகவில்லை. பலகையிலேயே அமர்ந்து தம் சொந்தக் குரலில் பேசினார். "அவருக்குத் தகரச் செலவோட முடிஞ்சுச்சு. அந்தப் புள்ளைக்கு என்ன கிடைச்சது? நீங்க கூரையப் பாக்குறீக. சத்தம் கூரையப் பாக்குமா? இங்க உக்காந்து எழுதுறது போதும். போய்க் கேட்டுட்டு வந்து எழுதுவோம்."

ஒரு பிற்பகல் சோதனைக்கு நாள் குறித்தோம். வரவேற்பு நாளில் வைக்கும் அதே பெட்டிகளை, அதே அளவில், வளவில் வைத்து ஒலிக்கச் செய்யவேண்டும் என்று எழுத்தில் கேட்டோம். வள்ளியப்பன் மறுக்கவில்லை, தம் வீட்டின்மீது அவ்வளவு நம்பிக்கை. முகப்பு வாயிலில் எங்களை வரவேற்று மோர் கொடுத்தார். உள்ளே பாட்டு தொடங்கியது. கட்டுகள் பல கடந்து வாயிலுக்கு வரும்போது அது அடுத்த ஊர்த் திருவிழா போலத்தான் கேட்டது.

"பாத்தீகளா சார்? ஒரு முணுமுணுப்பு. எங்க அப்பச்சி காலத்துச் செவுரு" என்று வள்ளியப்பன் சுவரைத் தட்டிக் காட்டினார்.

பாண்டியன் கருவியைப் பார்த்துத் தலையசைத்தார். வழக்கறிஞர் புன்னகைத்தார்.

"நல்ல செவுரு. மறுகோடிக்குப் போவோம்" என்றார் ஞானசேகரன்.

உட்புறமாகப் போகலாம் என்றார் வள்ளியப்பன். வேண்டா என்று மறுத்துத் தெருவழியே நடந்தார் செயல் அலுவலர். முகப்புத் தெருவின் கோடிக்குப் போய், சந்து திரும்பி, பின்தெருவுக்கு வந்து சேர்வதற்குள் வழக்கறிஞரின் கறுப்புக் காலணி செம்மண் நிறமாகிவிட்டது. நடக்க நடக்கப் பாட்டு எங்களை எதிர்கொண்டு வந்தது. வளவின் திறந்த வாய் வழியே மேலெழுந்த ஒலி, தாழ்ந்த அடுப்படிக் கூரையைத் தாண்டி நேரே பின்தெருவில் இறங்கியது. முன்புறத்தை அப்பச்சி காலத்துச் சுவர்கள் காத்தன. பின்புறத்தைக் காப்பார் இல்லை. செல்வி வீட்டுச் சுவரருகே பாண்டியன் கருவியை உயர்த்திப் பிடித்தார். பார்த்தார், பழுதோ என்று தட்டினார், மீண்டும் பார்த்தார். பிறகு அதை ஞானசேகரன் முகத்துக்கு நேரே திருப்பினார். வழக்கறிஞர் ஏதோ சொன்னார். எவருக்கும் கேட்கவில்லை.

செல்வி எங்களை உள்ளே அழைத்தார். அன்று அதற்காகவே விடுப்பெடுத்திருந்தார். குழந்தை தரையில் எங்களுக்கு முதுகு காட்டி அமர்ந்திருந்தது. செல்வி பின்னாலிருந்து "ஹரிணி" என்றார். அசைவில்லை. இன்னும் உரக்கச் சொன்னார். குழந்தை தலையை நிமிர்த்தி, தாயை நோக்காமல், அதிர்ந்துகொண்டிருந்த சுவரை நோக்கிற்று. பிறகு காதுக்குப் பின்னிருந்த கருவியைத் தானே கழற்றித் தரையில் வைத்தது.

"இப்படித்தான் ஐயா, தெனமும் கழட்டி வச்சிருவா" என்றார் செல்வி.

வள்ளியப்பன் முன்வந்து குனிந்து, அக்கருவியை எடுத்துத் தாயிடம் கொடுத்தார். பின்னர்க் கைப்பேசியில் தம் ஆளை அழைத்து, "நிறுத்துப்பா" என்றார். நல்லவர்தாம். ஆயினும் நல்லவரை நம்பி விதி எழுதமுடியாது. மறுநாளே அவருடைய வழக்கறிஞர், சோதனையால் தம் கட்சிக்காரரின் உரிமை பாதிக்கப்படாது என்று எழுதியனுப்பினார். தொழிலை விட்டுக்கொடுக்க வள்ளியப்பன் ஆயத்தமாக இல்லை.

எனக்கோ அப்போது எழுதவேண்டியது என்ன என்பது விளங்கியிருந்தது. ஒலிப்பவர் இடத்தில் நின்றுகொண்டே இதுவரை சொற்களை வரையறுத்து வந்தோம். கேட்பவர் இடத்துக்குப் போய் நின்று எழுதினேன்.

"எல்லை என்பது, பெருக்கொலி எழும் மனையின் வாயிலன்று, அம்மனையை எப்புறத்திலேனும் அடுத்து மக்கள் வாழும் கட்டடத்தின் வெளிச்சுவர். புறங்கள் பலவாயின், ஒலி மிகுந்து கேட்கும் புறமே எல்லை."

"மூடிய இடம் என்பது, உள்ளே எழும் பெருக்கொலி மேற்கூறிய எல்லையில் குறித்த அளவுக்கு மேற்படாத இடம், சுவரும் கூரையும் எவ்வாறு அமையினும்."

ஞானசேகரன் பலகையில் அமர்ந்து கேட்டார். "நான் வள்ளியப்பன். படுதா கட்டுறேன்."

"கட்டுங்கள். எல்லையில் அளப்போம்."

"தகரம்."

"போடுங்கள். எல்லையில் அளப்போம்."

"பொட்டியத் திருப்பி முன்பக்கம் பாத்து வச்சுட்டேன்."

"ஒலி மிகுந்து கேட்கும் புறமே எல்லை."

எழுந்து கதவு வரை போனார். கைப்பிடியில் கை வைத்து நின்றார். திரும்பினார். "போறதுக்கு வழி இல்லையே" என்றார். அவர் கீழ் பணியாற்றிய ஆண்டுகளில் நான் பெற்ற பாராட்டுகளுள் அதனினும் பெரிது இல்லை.

மன்றம் ஒருமனதாக ஏற்றது. அதை எதிர்த்து வள்ளியப்பன் செய்த மேல்முறையீட்டில் வழக்கறிஞர் நன்றாகவே வாதாடினார். இரு கால்களையும் ஊன்றிப் பார்த்தார். விளக்கத்தில் ஓர் எழுத்தும் மாறாமல் ஆணை எங்களுக்குச் சார்பாக வந்தது. இன்று சுற்றுவட்டத்தில் எத்தனையோ பேரூராட்சிகள் அதனை எடுத்தாள்கின்றன. எங்கள் தெருக்களை ஒருபோதும் காணாத ஊர்களுக்கும் அது பொருந்துகிறது. ஏனெனில் கேட்பவர் இல்லாத ஊர் இல்லை.

வள்ளியப்பன் பெட்டிகளை ஊருக்கு வெளியே புதிதாகக் கட்டிய மண்டபத்துக்கு மாற்றிக்கொண்டார். வளவில் நாகசுரத்தோடு நடக்கும் திருமணங்களுக்கு இப்போது முன்பைவிடக் கிராக்கி. கடைவீதியில் கண்டால், "படுதாவையும் விட்டு வைக்கல, தகரத்தையும் விட்டு வைக்கல. உங்களுக்குத் தமிழ் படிச்சுக் குடுத்தவுக யாருய்யா?" என்று கேட்டுவிட்டுச் சிரிப்பார்.

ஆணை நடைமுறைக்கு வந்து ஓராண்டு கழிந்திருக்கும். ஒரு மாலை பின்தெரு வழியே வந்தபோது செல்வி என்னைக் கண்டு உள்ளே அழைத்தார். தெரு அமைதியாக இருந்தது. ஹரிணி கட்டிலருகே எங்களுக்கு முதுகு காட்டி அமர்ந்து சொப்புச் சாமான்களை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"ஐயா, பின்னாடி இருந்து நீங்க ஒரு சொல்லு சொல்லுங்களேன். என் குரலு அவளுக்குப் பழகிப்போச்சு. வேத்தாள் சொன்னாலும் புரியுதான்னு பாக்கச் சொல்லியிருக்காக டீச்சர்."

நெடுங்காலம் சொற்களை நிறுத்து நிறுத்துப் பார்த்தவன் நான். அன்று ஒரு சொல்லும் வரவில்லை. வந்தவையெல்லாம் மேற்படி, மேற்கூறிய, வழங்கப்படினும். செல்வி காத்திருந்தார். என் இயல்பான குரலில், உயர்த்தாமல், "பூனை" என்றேன்.

குழந்தை திரும்பவில்லை. கையிலிருந்த சிறு குடத்தை அடுக்கின்மேல் வைத்தாள். செல்வியின் முகம் வாடத் தொடங்கியது.

ஹரிணி கைகளைத் தரையில் ஊன்றிக் குனிந்து, கட்டிலுக்கு அடியில் இருட்டான மூலை வரை பார்த்தாள். பிறகு நிமிர்ந்து எங்களைப் பார்த்துச் சொன்னாள்:

"இல்ல. போயிருச்சு."